அல்சைமர் வந்த வீடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு அல்சைமர் நோய் இருந்தது. ஒன்பது வருடம் உடனிருந்து பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைப் போட்டு, நேரில் என்ன சொல்வேனோ அதைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

1. வயசானா எல்லாருக்கும் மறதி வரத்தானே செய்யும்? இது நோய்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒருவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாக நினைவுக்கு வந்தால் அது வயதின் மறதி. நேற்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன உறவினரைப் பற்றி நீங்கள் எடுத்துச் சொன்ன பிறகும் “யாரு, எப்ப வந்தாங்க?” என்று கேட்டால் அதைக் கவனிக்க வேண்டும். பல வருடம் செய்த வேலையில் வரிசை தப்புவது, பழகிய தெருவில் திகைத்து நிற்பது, சொல்ல வந்த சொல் கிடைக்காமல் “அது, அந்த இது” என்று தடுமாறுவது, கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிப்போவது எல்லாமே ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

அம்மா நாற்பது வருடம் வீட்டுக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதியவர். ஒரு மாதம் ஒரே ரசீதுக்கு இரண்டு முறை பணம் கட்டியிருந்தார். கணக்கு நோட்டில் அதை அடித்து, திருத்தி, மறுபடி அடித்திருந்தார். “வயசாச்சு” என்று சொல்லி நாங்கள் ஒன்றரை வருடத்தைக் கடத்திவிட்டோம். மறதி அன்றாட வேலையைத் தொட ஆரம்பித்துவிட்டால் காத்திருக்காதீர்கள்.

2. ஒரு டாக்டர் டிமென்ஷியான்னு சொன்னார், இன்னொருத்தர் அல்சைமர்னு சொல்றார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் குறைந்து, ஒருவர் தனியாக இயங்க முடியாமல் போகும் நிலைக்குப் பொதுப்பெயர் டிமென்ஷியா. அந்த நிலையைக் கொண்டுவரும் நோய்களில் மிகப் பெரியது அல்சைமர். உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்றும், அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. மூளை இரத்தக்குழாய் பாதிப்பு, நரம்பணுக்களுக்குள் வேறொரு புரதம் திரளும் லூயி உடல் நோய் போன்றவை மற்ற காரணங்கள். ஒருவருக்கே இரண்டு சேர்ந்தும் வரும்.

3. மூளைக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். நினைவு போயிருந்தது, கணவர் மீது சந்தேகம், இடம் தெரியாத குழப்பம். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-ல் அகஸ்டே இறந்த பிறகு அவரது மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் தெரிந்தன. படிவு அமிலாய்டு என்ற புரதம், இழை டௌ என்ற புரதம் என்பது பின்னால் தெரியவந்தது. நோய்க்கு அல்சைமரின் பெயரை 1910-ல் எமில் கிரேப்பலின் என்ற மனநல மருத்துவர் சூட்டினார்.

இவை சேரச் சேர நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தி, பிறகு அழிகின்றன. புதிய நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சீக்கிரமே அடிபடுகிறது. அதனால்தான் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை பிசகாமல் வருகிறது, காலையில் சாப்பிட்டது நினைவில் இல்லை. வேண்டுமென்றே மறப்பதாக நினைத்துக் கோபப்படுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்: அந்தச் சம்பவம் மூளையில் பதியவே இல்லை. இல்லாததை எப்படி நினைவுபடுத்திக்கொள்ள முடியும்?

4. எந்த டாக்டர்கிட்ட போறது? என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க?

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஆரம்பித்து நரம்பியல், முதியோர் நல அல்லது மனநல மருத்துவரிடம் போகலாம். உடன் இருப்பவரிடம் விரிவாக விசாரிப்பார்கள். அதனால் தேதியோடு குறிப்பெடுத்துக்கொண்டு போங்கள். நினைவு, கவனம், வரைதல் பற்றிய சிறு தேர்வு, இரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் ஆகியவை வழக்கம். தேவைப்பட்டால் அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனோ முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையோ எடுப்பார்கள். இரத்தத்தில் டௌ புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையும் இப்போது வந்திருக்கிறது.

இத்தனை பரிசோதனை எதற்கு என்றால், அல்சைமர் போலவே தெரியும் வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய இரத்தம், சில தூக்க மாத்திரைகள், ஒவ்வாமை மாத்திரைகள். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

5. அவங்ககிட்டயே நோயைப் பத்திச் சொல்லலாமா? மனசு உடைஞ்சுட மாட்டாங்களா?

ஆரம்ப நிலையில் இருப்பவருக்குத் தன்னிடம் ஏதோ சரியில்லை என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். எல்லோரும் அறைக்கு வெளியே போய்ப் பேசுவது அவரை இன்னும் பயமுறுத்தும். கேட்கும் அளவுக்கு, மெதுவாகச் சொல்லலாம் என்பது என் கருத்து. எங்கே வாழ வேண்டும், யார் தன் சார்பில் முடிவெடுக்க வேண்டும் என்று அவரே சொல்லக்கூடிய காலம் அதுதான்.

சிலர் “எனக்கு ஒண்ணும் இல்லை” என்று அடித்துச் சொல்வார்கள். அதுவும் நோயின் பகுதியாக இருக்கலாம். தன் குறை தனக்குத் தெரியும்படி செய்யும் மூளைப் பகுதியே பாதிக்கப்பட்டிருக்கும். அவரிடம் நிரூபிக்கப் போராட வேண்டாம்.

6. மருந்து இருக்கா, இல்லையா? நேராச் சொல்லுங்க.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. டொனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன், மெமன்டைன் ஆகிய மாத்திரைகள் மூளையின் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் மீது வேலை செய்கின்றன. சிலருக்குக் கொஞ்ச காலம் நினைவும் அன்றாடச் செயலும் நன்றாக இருக்கும். நோய் உள்ளே போகும் போக்கை இவை மாற்றுவதில்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைவது போன்ற பக்கவிளைவுகள் வந்தால் சொல்லிவிடுங்கள்.

அமிலாய்டையே அகற்றும் மருந்துகளும் வந்துவிட்டன. லெகனெமாப் 2023-லும் டொனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. லெகனெமாப் சோதனையில் 18 மாதத்தில் சரிவு சுமார் 27 சதவீதம் மெதுவானது. மெதுவானது என்றுதான் சொல்கிறேன், நின்றது என்றல்ல. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே இது. பொதுவாக இரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ வரலாம் என்பதால் எம்ஆர்ஐ ஸ்கேன் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். “ஆறு மாதத்தில் பழையபடி ஆக்கிவிடுகிறேன்” என்று யாராவது பொடியோ தைலமோ விற்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

7. அப்பாவுக்கு வந்திருக்கு. அப்ப எனக்கும் வருமா?

பெரும்பாலும் இது நேராகப் பரம்பரையாக வரும் நோய் அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஏபிஓஇ4 என்ற மரபணு வகை வாய்ப்பைக் கூட்டும், ஆனால் அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. மிக அரிதாக, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, ஒற்றை மரபணு மாற்றத்தால் வருகிறது. அந்தக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி, நோயும் 65 வயதுக்கு முன்பே தொடங்கும்.

நம் கையில் இருப்பதும் நிறைய. உலக டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் மதிப்பிட்டது. இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, தனிமை, உடலுழைப்பு இல்லாமை என்று பட்டியல் போகிறது. அதில் யாரும் எதிர்பார்க்காதது காது கேளாமை. காது மந்தமானால் காதுக்கருவி வாங்கத் தயங்காதீர்கள்.

8. ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்கறாங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு.

“இப்பத்தானே சொன்னேன்” என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். 3-ல் சொன்னபடி, அவருக்கு அது முதல் தடவை. உங்கள் சலிப்பு மட்டும் முகத்தில் அறையும். 2014-ல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துண்டுகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் படத்தில் வந்தது பெரும்பாலும் மறந்துபோனது, உள்ளே எழுந்த உணர்வு மறையவில்லை. வீட்டில் நடப்பதும் இதுதான். நீங்கள் கத்தியது மறந்துவிடும், கத்தியதால் வந்த பயம் மதியம் வரை நிற்கும்.

கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். “மணி என்ன?” என்பது பல நேரம் “நான் தனியாக இருக்கிறேனா?” என்பதுதான். கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுப்பதும் உதவும். அம்மாவிடம் பழைய கணக்கு நோட்டையும் அளவுகோலையும் கொடுப்பேன். எண் எதுவும் வராத காலத்திலும், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக நேர்க்கோடு போடுவார். அந்த முக்கால் மணி நேரம் கேள்வியே இருக்காது.

9. நான்தான் அவங்க பணத்தைத் திருடிட்டேன்னு ஊர் முழுக்கச் சொல்றாங்க. எப்படித் தாங்கறது?

கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மீதுதான் இந்தப் பழி விழும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். தான் வைத்த இடம் மறந்துவிட்டது என்பதே அவருக்குத் தெரியாது. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவர் நிலையில் அது நியாயமான முடிவு.

“காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்” என்று எழுந்துவிடுங்கள். வழக்கமாக ஒளித்துவைக்கும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததும் “பாத்தீங்களா, இங்கதான் இருக்கு” என்று வென்றுகாட்ட வேண்டாம். உறவினர்களிடம் முன்கூட்டியே நோயைப் பற்றிச் சொல்லி வையுங்கள். அதே சமயம், முதியவர்களின் பணம் உண்மையிலேயே பறிபோவதும் நடக்கிறது. அதனால் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு ஆறுதல் சொல்லுங்கள்.

10. சொந்த வீட்டுல உட்கார்ந்துகிட்டே “வீட்டுக்குப் போகணும்”னு அழறாங்க. சாயங்காலமானா ரொம்ப மோசம்.

மாலையில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். உடல் களைத்திருக்கும், வெளிச்சம் குறையும், நிழல்கள் ஆளைப்போலத் தெரியும். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுங்கள், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள், பகல் தூக்கத்தைச் சுருக்குங்கள். பசியா, வலியா, சிறுநீர் முட்டுகிறதா என்றும் பாருங்கள்.

அம்மா ஐந்து மணியானால் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே நிற்பார். “இதுதாம்மா உங்க வீடு” என்று பல மாதம் வாதாடினேன். ஒரு நாள் களைத்துப்போய், “வீட்டுல யார் இருக்காங்க?” என்று கேட்டேன். “பையன் ஸ்கூல் விட்டு வந்திருப்பான், சாவி என்கிட்ட இருக்கு” என்றார். அந்தப் பையன் நான்தான். அதற்குப் பிறகு வாதாடவில்லை. “பையன் பத்திரமா உள்ள இருக்கான், சாப்பிட்டுட்டான்” என்று சொன்னால் பையைக் கழற்றிவிடுவார்.

11. இறந்துபோன அப்பாவை எங்கேன்னு கேட்கறாங்க. பொய் சொல்றது பாவமில்லையா?

முதல் தடவை உண்மையை மென்மையாகச் சொல்லிப் பாருங்கள். சிலர் ஏற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் சாவுச் செய்தி கேட்டது போலக் கதறுகிறார் என்றால், அந்தத் துக்கத்தைத் தினமும் புதிதாகக் கொடுக்கும் உண்மையால் யாருக்கும் நன்மை இல்லை. பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் ஒரு வழி உண்டு. “அப்பா ஞாபகம் வந்துடுச்சா? அவரை முதல்ல எங்க பாத்தீங்க?” என்று கேளுங்கள். தேடுவது ஆளையல்ல, அவரோடு இருந்தபோது இருந்த நிம்மதியை. பேச ஆரம்பித்தால் அது கொஞ்சம் கிடைத்துவிடும்.

12. குளிக்கவே மாட்டேங்கறார். அடிக்க வர்றார்.

அவர் இடத்தில் இருந்து பாருங்கள். யாரோ ஒருவர் ஆடையைக் கழற்றுகிறார், தலையில் தண்ணீர் கொட்டுகிறது, தரை வழுக்குகிறது. பயம்தான் கோபமாக வருகிறது. அறையைக் கதகதப்பாக வையுங்கள், உட்கார நாற்காலி போடுங்கள், தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் காலில் இருந்து ஆரம்பியுங்கள். தலை கடைசியில். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அன்று முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பது நம் பிடிவாதம்.

13. கதவைத் திறந்துகிட்டு வெளியே போயிடறார். பூட்டி வைக்கலாமா?

ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நீங்கள் வெளியே போகக் கூடாது. தீப்பிடித்தால் தப்ப வழி இருக்காது. கதவில் மணி கட்டுங்கள், தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள். பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் உள்ள வளையல் அல்லது அட்டை எப்போதும் உடம்பில் இருக்கட்டும். அண்மைப் புகைப்படம் உங்கள் போனில் இருக்கட்டும். காணவில்லை என்றால் உடனே காவல்துறையிடம் சொல்லுங்கள், தானாக வந்துவிடுவார் என்று இருக்காதீர்கள். தினமும் கூடவே நடந்துவிட்டு வந்தால் இந்தத் துடிப்பு ஓரளவு குறையலாம்.

14. முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்தார். ரெண்டே நாள்ல ஆளே மாறிட்டார். நோய் முத்திடுச்சா?

அல்சைமர் இரண்டு நாளில் முற்றாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும் நோய் இது. திடீர்க் குழப்பம், மயக்கம் போன்ற தூக்கம், இல்லாத உருவங்கள் தெரிவது என்றால் அது டெலிரியம் என்ற வேறு பிரச்சினையாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுவது, புதிய மாத்திரை, விழுந்து அடிபட்டது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. அன்றே மருத்துவரிடம் போங்கள். வாய் கோணினாலோ கை கால் இழுத்தாலோ பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

15. ராத்திரி தூங்க மாட்டேங்கறார். அமைதிப்படுத்த ஒரு மாத்திரை வாங்கிடலாமா?

மருத்துவர் எழுதித் தராமல் எதுவும் வாங்காதீர்கள். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது. விழுவதும் கூடும். முதலில் 10-லும் 14-லும் சொன்ன காரணங்களைத் தேடுங்கள். அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் மருந்து தேவைப்படலாம். அப்போதும் குறைந்த அளவு, குறைந்த காலம், எப்போது நிறுத்துவது என்ற கேள்வியோடு.

16. பணம், கையெழுத்து, வண்டி ஓட்டறது இதெல்லாம் எப்பப் பேசறது?

நோய் என்று தெரிந்ததும் பேச வேண்டும். அவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்கும்போது போட்டால்தான் அதிகாரப் பத்திரமும் (பவர் ஆஃப் அட்டர்னி) உயிலும் செல்லும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வழக்கறிஞரைக் கேளுங்கள். கடைசிக்காலச் சிகிச்சை பற்றிய அவர் விருப்பத்தையும் அப்போதே எழுதி வையுங்கள். 19-வது கேள்வி வரும்போது அது பெரிய துணை. வண்டி விஷயத்தை மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் சண்டை, அவர் சொன்னால் உத்தரவு.

17. என்னால முடியல. அண்ணன் போன்லயே குறை சொல்றான். விடுதியில சேர்த்தா நான் கெட்ட பிள்ளையா?

இல்லை. ஒருவர் மட்டுமே இருபத்து நான்கு மணி நேரமும் செய்யக்கூடிய வேலை இல்லை இது. கவனித்துக்கொள்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். தூக்கம் போய், உங்கள் மாத்திரையையே மறந்து, காரணமில்லாமல் அழுகிறீர்கள் என்றால் நீங்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடிக்கக் கை ஓங்கிவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டு, அன்றே யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். எனக்கும் ஒரு முறை ஓங்கியது. அம்மா தலையைக் குனிந்துகொண்ட விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுநாள்தான் சித்தியிடம் வாய்விட்டு உதவி கேட்டேன்.

அண்ணனிடம் “நீ வந்து பாத்துக்கோ” என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. “மாசத்துல ரெண்டு சனி, ஞாயிறு நீ வா. மாத்திரைச் செலவு உன்னோடது” என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள். தூரத்தில் இருந்து குறை சொல்பவரை ஒரு வாரம் முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்ள விட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். விடுதியில் சேர்ப்பதாக இருந்தால், ஆட்கள் அங்கிருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, கட்டிப்போடுகிறார்களா என்பதை, முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

18. என்னையே அடையாளம் தெரியல. போய்ப் பாத்து என்ன பிரயோஜனம்?

பெயரும் உறவுமுறையும் போன பிறகும், இவர் நம் ஆள் என்ற உணர்வு வெகுநாள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 8-ல் சொன்ன ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்தது மறக்கும், வந்ததால் வந்த நிம்மதி தங்கும். “நான் யாருன்னு சொல்லுங்க” என்று தேர்வு வைக்காதீர்கள். பெயரை நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். இளவயதில் கேட்ட பாட்டை மெதுவாகப் பாடுங்கள். பேச்சு நின்றவர்கள்கூட அடுத்த வரியை முணுமுணுப்பது உண்டு.

19. முழுங்க முடியல. குழாய் வெக்கலாம்னு சொல்றாங்க. வேண்டாம்னா பட்டினி போட்ட மாதிரி ஆகிடாதா?

இருப்பதிலேயே கடினமான கேள்வி. முற்றிய நிலையில் விழுங்கும் திறனையே மூளை மறக்கிறது. உணவுக் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ சான்று கிடைக்கவில்லை. அதனால் முற்றிய டிமென்ஷியாவில் அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் சங்கம் அதைப் பரிந்துரைப்பதில்லை, கையால் ஊட்டுவதையே சொல்கிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, கெட்டியான பதத்தில், சிறு கரண்டியில், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிடலாம். உடல் ஓய்ந்துவரும்போது பசி தானாகக் குறையும். அது நீங்கள் போட்ட பட்டினி அல்ல. விழுங்கும் சிரமம் திடீரென்று வந்திருந்தால் மட்டும் 14-ஐப் பாருங்கள், வாய்ப்புண்ணாகக்கூட இருக்கலாம்.

20. இன்னும் உயிரோட இருக்காங்க. ஆனா ஏற்கெனவே போயிட்ட மாதிரி அழுகையா வருது. இது தப்பா?

தப்பே இல்லை. ஆள் எதிரில் இருக்க, அவரை இழந்துகொண்டிருக்கும் இந்தத் துக்கத்துக்குப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெயரே வைத்தார்: தெளிவில்லாத இழப்பு. யாரும் துக்கம் விசாரிக்க வராத துக்கம் என்பதால்தான் இது இவ்வளவு கனக்கிறது. இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்திடம் பேசுங்கள். பாதி வாக்கியத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். பேச்சு இருக்கும்போதே அவர் குரலைப் பதிந்து வையுங்கள். சொன்ன கதையையே சொன்னாலும் பரவாயில்லை. அம்மாவின் கணக்கு நோட்டுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன, குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. இன்றைக்குப் பத்து நிமிடம், போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.